செலாடாங்கின் தடம் தொடர்ந்தவர்

கோலாலம்பூரின் பழைய இரயில் நிலையத்தைப் பார்த்து வியக்காதவர் இல்லை. வெண்ணிறக் குவிமாடங்களும் வளைவுகளும் கொண்ட அக்கட்டடத்தை வடிவமைத்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பேக் என்னும் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர். மஸ்ஜிட் ஜாமெக் பள்ளிவாசலும் அவர் வடிவமைத்ததே. அவருக்குத் தியோடர் ரத்போன் ஹப்பேக் என்று ஒரு தம்பி இருந்தார். அண்ணன் இந்நாட்டுக்கு அழகிய கட்டடங்களைத் தந்தார். தம்பியோ பரந்து விரிந்த ஒரு காடு அழியாமல் நிலைத்திருக்கக் காரணமானார். தாமான் நெகாரா என்று இன்று நாம் அழைக்கும் அக்காட்டின் வரலாறு, தியோடர் ஹப்பேக்கின் வாழ்க்கையோடு பின்னிப் பிணைந்தது.

வேட்டைக்காரராக வந்தவர்

தியோடர் ஹப்பேக் 1872ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். அதே ஆண்டில்தான் அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் என்னும் உலகின் முதல் தேசியப் பூங்கா உருவானது. பின்னாளில் தாமும் ஒரு தேசியப் பூங்காவுக்காகப் போராடப் போகிறோம் என்பதை இளமையில் அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. 1890களில் அவர் மலாயாவுக்கு வந்தார். பொறியியல் சார்ந்த பணிகளிலும், பின்னர் ரப்பர் தோட்டத் தொழிலிலும் ஈடுபட்டார்.

அக்காலத்தில் மலாயாவின் பெரும்பகுதி அடர்ந்த காடாக இருந்தது. அங்கு வந்த ஐரோப்பியர் பலருக்கு வேட்டை ஒரு பொழுதுபோக்கு. ஹப்பேக்கும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் சென்றார். யானையையும் செலாடாங்கையும் வேட்டையாடினார். தம் அனுபவங்களைத் தொகுத்து 1905ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். மலாய்க் கூட்டரசு மாநிலங்களில் யானை, செலாடாங் வேட்டை பற்றியது அந்நூல். பகாங் காடுகளில் மூன்று மாதம் சுற்றிய அனுபவத்தை 1912ஆம் ஆண்டில் மற்றொரு நூலாக எழுதினார்.

ஆயினும், ஏனைய வேட்டைக்காரர்களுக்கும் அவருக்கும் ஒரு வேறுபாடு இருந்தது. பலர் விலங்கின் கொம்பை வீட்டுச் சுவரில் மாட்டுவதோடு நிறைவடைந்தனர். ஹப்பேக்குக்கோ அவ்விலங்கைப் பற்றி அறியும் ஆர்வம் மேலோங்கி நின்றது. அது என்ன உண்கிறது? எப்போது நீர் அருந்த வருகிறது? ஏன் இன்று இந்தப் பள்ளத்தாக்கிலும் நாளை அந்த மலைச்சரிவிலும் மேய்கிறது? இத்தகைய கேள்விகளுக்கு விடை தேடினார். காட்டை நன்கறிந்த மலாய்க்காரர்கள் அவருக்குத் தடம் பார்க்கக் கற்றுக்கொடுத்தனர்.

குளம்புகள் சொல்லும் கதை

செலாடாங் என்பது உலகின் மிகப் பெரிய காட்டு மாட்டினங்களுள் ஒன்று. தமிழில் இதனைக் காட்டெருது என்றும் காட்டுமாடு என்றும் கூறுவர். நன்கு வளர்ந்த ஆண் செலாடாங்கின் எடை ஒரு டன்னை எட்டக்கூடும். கரிய உடல், முதுகில் திமில் போன்ற உயர்ந்த மேடு, வளைந்த கொம்புகள், முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை அணிந்தது போன்ற நிறம் ஆகியன இதன் அடையாளங்கள். இத்தனை பெரிய விலங்காக இருந்தும், இதனை நேரில் காண்பது அரிது. மனிதரின் வாடையைக் காற்றில் உணர்ந்தவுடன் கூட்டம் முழுவதும் காட்டுக்குள் மறைந்துவிடும்.

எனவே, செலாடாங்கைப் பற்றி அறிய விரும்புபவர் முதலில் அதன் தடத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஈர மண்ணில் பதிந்த குளம்புத் தடம் ஓர் ஏட்டைப் போன்றது. தடத்தின் அளவு, விலங்கு பெரியதா கன்றா என்பதைச் சொல்லும். தடத்தின் விளிம்பு கூர்மையாக இருந்தால், விலங்கு சற்று முன்னர்தான் கடந்து சென்றிருக்கிறது. விளிம்பு உதிர்ந்து, மழைநீர் தேங்கியிருந்தால் நெடுநேரம் ஆகிவிட்டது என்று பொருள். கடிபட்ட தளிர், ஒடிந்த கிளை, சாணம் ஆகியவையும் செய்தி சொல்லும். ஹப்பேக் இவற்றை எல்லாம் பொறுமையாகக் கவனித்தார்.

குளம்புள்ள பாலூட்டிகளை விலங்கியலாளர்கள் இரு பெரும் பிரிவுகளாகப் பிரிப்பர். செலாடாங், கடமான், சருகுமான், காட்டுப்பன்றி ஆகியவை இரட்டைப்படைக் குளம்பிகள். காண்டாமிருகம், தாப்பிர், குதிரை ஆகியவை ஒற்றைப்படைக் குளம்பிகள். மலாயாவின் காடுகளில் இவ்விரு பிரிவைச் சேர்ந்த விலங்குகளும் வாழ்ந்தன. இவ்விலங்குகளின் வாழ்க்கையில் ஜெனுட் எனப்படும் உப்பு ஊற்றுகளுக்குத் தனி இடம் உண்டு. இலை தழைகளை மட்டும் உண்ணும் விலங்குகளுக்குத் தேவையான தாது உப்புகள் அவ்வூற்றுகளின் மண்ணிலும் நீரிலும் கிடைக்கின்றன. அதனால், யானையும் செலாடாங்கும் மானும் தாப்பிரும் அங்கே தேடி வருகின்றன. ஓர் ஊற்றின் அருகே அமைதியாகக் காத்திருப்பவர் காட்டைப் பற்றி நிறைய அறிந்துகொள்ளலாம்.

ஹப்பேக்கின் உழைப்பை அறிவியல் உலகம் விரைவிலேயே அறிந்துகொண்டது. 1907ஆம் ஆண்டில் ரிச்சர்டு லைடெக்கர் என்னும் புகழ்பெற்ற ஆங்கிலேய இயற்கை அறிஞர், மலாயாவின் செலாடாங்கை ஒரு துணையினமாக வகைப்படுத்தினார். அத்துணையினத்துக்கு ஹப்பேக்கின் பெயரையே அறிவியற் பெயரின் ஒரு பகுதியாகச் சூட்டினார். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியராக இல்லாத ஒருவருக்கு இது பெரும் சிறப்பாகும்.

மனமாற்றம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயா வேகமாக மாறியது. மோட்டார் வண்டிகள் பெருகியதால் உலகச் சந்தையில் ரப்பரின் விலை உயர்ந்தது. காடுகள் அழிக்கப்பட்டு ரப்பர் தோட்டங்கள் ஆயின. அத்தோட்டங்களில் உழைப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தனர். ஈய வயல்களும் சாலைகளும் பெருகின. பகாங் காடுகளின் வழியாகக் கிளந்தானை நோக்கி இரயில் பாதை அமைக்கும் பணியும் நடைபெற்றது. அப்பாதை 1931ஆம் ஆண்டில் நிறைவடைந்தது.

காடு சுருங்கியதும் விலங்குகளுக்கு இடம் சுருங்கியது. யானைகள் தோட்டங்களுக்குள் புகுந்து இளம் ரப்பர் கன்றுகளை மிதித்து அழித்தன. தோட்ட முதலாளிகள் அவற்றைச் சுடும்படி கோரினர். துப்பாக்கி வைத்திருப்போரின் எண்ணிக்கை கூடியது. கடமானின் இறைச்சி விற்பனைப் பொருளானது. காண்டாமிருகத்தின் கொம்பில் மருத்துவக் குணம் இருப்பதாக நம்பியவர்கள் அதற்கு அதிக விலை கொடுத்தனர். உண்மையில், அக்கொம்பு நம் நகத்தில் உள்ள அதே பொருளால் ஆனது.

ஹப்பேக் தாமே ஒரு வேட்டைக்காரர். தாமே ஒரு தோட்டக்காரர். காடு அழிவதற்குக் காரணமான இரு தொழில்களையும் அவர் அறிந்திருந்தார். ஆயினும், ஆண்டுக்கு ஆண்டு காட்டுக்குள் சென்று வந்தவர் என்பதால், நேர்ந்துகொண்டிருந்த இழப்பை மற்றவர்களைவிட அவர் தெளிவாக உணர்ந்தார். இந்நிலை நீடித்தால் பெரிய விலங்குகள் மலாயாவில் இல்லாமற்போகும் என்னும் கவலை அவரை வாட்டியது.

இடையில், அவர் அலாஸ்காவுக்கும் பயணம் மேற்கொண்டார். பனி படர்ந்த அந்நிலத்தில் மூஸ் எனப்படும் மிகப் பெரிய மானினத்தையும் காட்டுச் செம்மறியாடுகளையும் தேடிச் சென்றார். அப்பயணங்களைப் பற்றியும் நூல்கள் எழுதினார். அலாஸ்காவில் வெள்ளை நிறக் காட்டுச் செம்மறியாடுகளைக் காப்பதற்காகவே 1917ஆம் ஆண்டில் ஒரு தேசியப் பூங்கா அமைக்கப்பட்டிருந்தது. ஒரு குளம்பு விலங்குக்காக ஒரு நாடு பெரும் நிலப்பரப்பை ஒதுக்க முடியும் என்பதற்கு அது சான்றாக விளங்கியது.

மலாயாவுக்குத் திரும்பிய ஹப்பேக் பகாங் மாநிலத்தில் வாழ்ந்தார். 1920களில் அம்மாநிலத்தின் கௌரவ வனவிலங்குக் காவலராகப் பொறுப்பேற்றார். காட்டில் வேட்டையாடியவரே இப்போது காட்டின் காவலரானார்.

எதிர்ப்புக்கு நடுவே ஒரு போராட்டம்

ஹப்பேக்கின் முயற்சிகள் மெல்லப் பயன் தரத் தொடங்கின. பகாங்கில் 1923ஆம் ஆண்டில் கிராவ் வனவிலங்குக் காப்பகம் அமைந்தது. செலாடாங்குகள் வாழும் முக்கியமான இடங்களுள் அதுவும் ஒன்று. 1925ஆம் ஆண்டில் குனோங் தாஹான் வனவிலங்குக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2,187 மீட்டர் உயரமுள்ள குனோங் தாஹான், தீபகற்ப மலேசியாவின் மிக உயர்ந்த மலையாகும்.

எனினும், ஹப்பேக் இதனால் நிறைவடைந்துவிடவில்லை. ஒரு காப்பகத்தை அரசு நினைத்தால் சுருக்கிவிடலாம். தேவைப்பட்டால் நீக்கியும் விடலாம். நாளை அங்கே ஈயம் கிடைத்தால் என்ன ஆகும்? ரப்பர் விலை மேலும் உயர்ந்தால் என்ன ஆகும்? அன்றைக்கு ஆட்சியில் இருப்பவரின் விருப்பத்தைச் சார்ந்த பாதுகாப்பு நிலையானதன்று என்பதை அவர் உணர்ந்தார். சட்டத்தின் துணையோடு என்றென்றும் நிலைத்திருக்கும் தேசியப் பூங்காவே தேவை என்று வலியுறுத்தினார்.

இக்கருத்தைப் பலர் எதிர்த்தனர். நாட்டின் செல்வம் ரப்பரிலும் ஈயத்திலும் இருக்கும்போது, விலங்குகளுக்காக நிலத்தை ஒதுக்குவது வீண் என்பது அவர்களின் எண்ணம். பயிரை இழந்த விவசாயியின் துயரமும் பொய்யானதன்று. ஒரே இரவில் யானைக்கூட்டம் ஒரு குடும்பத்தின் உழைப்பை மிதித்துவிட்டுச் செல்லும். மனிதரின் வயிற்றுப் பிழைப்பா, விலங்கின் வாழ்வா என்னும் இக்கேள்விக்கு எளிதான விடை இல்லை. விலங்குகளுக்குப் போதுமான காடு ஒதுக்கப்பட்டால்தான் அவை தோட்டங்களை நாடி வராமல் இருக்கும் என்பது இன்றும் வனவிலங்குப் பாதுகாப்பின் அடிப்படை.

1930ஆம் ஆண்டில் அரசு மலாயா வனவிலங்கு ஆணையத்தை அமைத்து, அதன் பொறுப்பை ஹப்பேக்கிடம் ஒப்படைத்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தெட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் பல மாநிலங்களுக்கும் சென்று மக்களின் கருத்துகளைத் திரட்டினார். அவருடைய அறிக்கை 1932ஆம் ஆண்டில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது.

அக்காலத்தில் வனவிலங்குச் சட்டங்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டன. விலங்குகளுக்கோ மாநில எல்லை தெரியாது. ஆற்றின் ஒரு கரையில் பாதுகாக்கப்படும் செலாடாங், மறுகரைக்குச் சென்றதும் சுடப்படலாம். ஆகவே, சீரான சட்டமும் அதனை நடைமுறைப்படுத்தும் துறையும் தேவைப்பட்டன. காட்டு விலங்குகளை வணிகப் பொருளாக்குவதைத் தடுக்க வேண்டும் என்பதும், தேசியப் பூங்கா ஒன்றை அமைக்க வேண்டும் என்பதும் அவருடைய முயற்சியின் முக்கிய நோக்கங்கள். இங்கிலாந்தில் இருந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கத்தின் ஆதரவும் அவருக்குக் கிடைத்தது.

மூன்று மாநிலங்கள், ஒரு காடு

ஹப்பேக் மனத்தில் கொண்டிருந்த காடு பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களிலும் பரவியிருந்தது. நிலம் மாநில ஆட்சியாளர்களுக்கு உரியது. எனவே, மூன்று மாநிலங்களும் ஒப்புதல் தந்தால்தான் பூங்கா அமையும். ஒருவர் மறுத்தாலும் திட்டம் குறைபட்டுப் போகும்.

1935ஆம் ஆண்டில் பிரித்தானிய மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அரியணை ஏறிய வெள்ளி விழா கொண்டாடப்பட்டது. அந்த நல்வாய்ப்பு பூங்காத் திட்டத்துக்குத் துணை நின்றது. மன்னரின் நினைவாக ஒரு தேசியப் பூங்கா அமைப்பதற்கு மூன்று மாநிலங்களின் சுல்தான்களும் இணங்கினர். 1938, 1939ஆம் ஆண்டுகளில் மூன்று மாநிலங்களும் தனித்தனியே சட்டம் இயற்றின. 4,343 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காடு, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்கா என்னும் பெயரைப் பெற்றது. சிங்கப்பூரைப் போல் ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட பரப்பு அது. நாடு விடுதலை பெற்ற பின்னர் அதன் பெயர் தாமான் நெகாரா என மாற்றப்பட்டது.

ஹப்பேக் காடு காக்கும் பணியோடு ஆய்வுப் பணியையும் விடவில்லை. மலாயாவின் செலாடாங்கைப் பற்றி அவர் எழுதிய விரிவான கட்டுரை, 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாலூட்டி ஆய்வு இதழில் வெளிவந்தது. 1939ஆம் ஆண்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில், இரட்டைக்கொம்புக் காண்டாமிருகத்தைப் பற்றி எழுதினார்.

சுமத்திரா காண்டாமிருகம் என்றும் அழைக்கப்படும் அவ்விலங்கு, காண்டாமிருக இனங்களிலேயே மிகச் சிறியது. அதன் உடலில் உரோமம் இருக்கும். சேற்றுக்குழிகளில் புரள்வதில் அதற்கு மிகுந்த விருப்பம். சேறு அதன் தோலை வெயிலிலிருந்தும் பூச்சிகளிலிருந்தும் காக்கிறது. இளமரங்களைச் சாய்த்து அவற்றின் இலைகளை உண்ணும். தனியாகவே திரியும் அவ்விலங்கைக் காண்பது மிக அரிது. பிற்காலத்தில் அக்காண்டாமிருகத்தை ஆராய வந்தவர்களுக்கு ஹப்பேக்கின் கட்டுரை ஒரு வழிகாட்டியாக அமைந்தது. அவ்வினம் அழிந்துவிடுமோ என்னும் அச்சமும் அவருக்கு இருந்தது.

1941ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை கிளந்தான் கடற்கரையில் வந்திறங்கியது. சில வாரங்களிலேயே மலாயா முழுவதும் அவர்களின் கைக்கு மாறியது. அக்கொந்தளிப்பான காலத்தில், 1942ஆம் ஆண்டில் ஹப்பேக் மறைந்தார். ஏறக்குறைய எழுபது ஆண்டு வாழ்ந்த அவர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்நாட்டிலேயே கழித்தார். அவர் அரும்பாடுபட்டு உருவாக்கிய பூங்காவுக்கு அப்போது நான்கு வயதுகூட நிறைவடைந்திருக்கவில்லை.

இன்றைய நிலை

ஹப்பேக்கின் கனவு முழுமையாக நிறைவேறியதா? இக்கேள்விக்கு ஆம் என்றும் இல்லை என்றும் விடை கூறலாம்.

தாமான் நெகாரா இன்றும் நிலைத்திருக்கிறது. போர் வந்தது, ஆட்சி மாறியது, நாடு விடுதலை பெற்றது. ஆயினும், சட்டத்தின் காவலில் அக்காடு அழியாமல் நின்றது. கோலா தாஹானில் படகிலிருந்து இறங்கும் பயணிகள் தெம்பெலிங் ஆற்றங்கரையில் பழமையான மழைக்காட்டைக் காண்கின்றனர். பாத்தேக் எனப்படும் பழங்குடி மக்கள் அக்காட்டில் இன்றும் வாழ்கின்றனர். யானை, புலி, தாப்பிர், கடமான் ஆகியவற்றுக்கு அது புகலிடமாக விளங்குகிறது.

செலாடாங்கின் நிலையோ கவலைக்குரியது. அதன் எண்ணிக்கை நம் நாட்டில் மிகவும் குறைந்துவிட்டது. பகாங்கின் ஜெண்டராக் வட்டாரத்தில் வனவிலங்குத் துறையினர் செலாடாங் காப்பு மையம் ஒன்றை நடத்தி, அவ்வினத்தைப் பெருக்க முயன்று வருகின்றனர்.

சுமத்திரா காண்டாமிருகத்தைப் பொறுத்தவரை, ஹப்பேக் அஞ்சியதே நடந்துவிட்டது. மலேசியாவின் கடைசி ஆண் காண்டாமிருகமான தாம் 2019ஆம் ஆண்டு மே மாதத்தில் சபாவில் இறந்தது. அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் ஈமான் என்னும் பெண் காண்டாமிருகமும் இறந்தது. அத்துடன் நம் நாட்டில் அவ்வினம் இல்லாமற்போனது. இந்தோனேசியக் காடுகளில் நூற்றுக்கும் குறைவான காண்டாமிருகங்களே எஞ்சியுள்ளன என்று கணிக்கப்படுகிறது. காட்டைக் காத்தால் மட்டும் போதாது. காட்டுக்குள் வாழும் உயிர்களையும் கள்ள வேட்டையிலிருந்து காக்க வேண்டும் என்பதை இந்த இழப்பு நமக்கு உணர்த்துகிறது.

தியோடர் ஹப்பேக் குறையே இல்லாத மனிதர் அல்லர். தம் துப்பாக்கியால் அவர் வீழ்த்திய விலங்குகள் பல. ஆனால், தாம் கண்ட உண்மை தம் பழைய பழக்கத்துக்கு எதிராக இருந்தபோது, அவர் உண்மையின் பக்கம் நின்றார். எதிர்ப்பைக் கண்டு பின்வாங்கவில்லை. கூர்ந்து கவனிக்கும் பழக்கம் அவரை வேட்டைக்காரர் என்னும் நிலையிலிருந்து ஆய்வாளராக உயர்த்தியது. ஆய்வில் கண்டதைச் செயலாக்கும் துணிவு அவரைக் காவலராக்கியது.

மாணவர்களே, தாமான் நெகாராவின் ஈர மண்ணில் செலாடாங்கின் குளம்புத் தடம் இன்னும் பதிகிறது. அத்தடத்தைப் படிக்கத் தெரிந்த இளம் ஆய்வாளர்களும் அதனைக் காக்கும் மனமுடைய குடிமக்களும் இந்நாட்டுக்குத் தேவைப்படுகின்றனர். அவர்களுள் ஒருவராக நீங்களும் திகழலாம்.